காலி பஸ்ஸும் வெளியீட்டுக் குழுவும்

பஸ் எப்போது வரும் என்று நிறுத்தங்களில் உள்ள மின்பலகைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்கு முதலாளி கிடையாது. விருப்பமுள்ளவர்கள் எழுதலாம், திருத்தலாம்; எந்த ஊரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முதலாளி இல்லாத இடத்தில் தலைவரும் இல்லாமல் போனால் எப்படி? ஆகவே எந்தத் திருத்தத்தை எப்போது வெளியிடுவது என்று முடிவுசெய்ய வெளியீட்டுக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். வானிலை அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் அதன் தலைவர். பணிக்காலம் முழுவதும் 'மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்' என்பதைத் தவிர வேறெதையும் சொல்லி மாட்டிக்கொள்ளாதவர்.

மென்பொருளை எழுதிவந்தவர்களில் ஒருத்தி கணக்கு டீச்சர். அவள் கணவர் பஸ் டிரைவர். ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புலம்பினார்.

"இன்னிக்கும் வண்டி காலி. ஸ்டாப்ல ஒருத்தர் நின்னாரு. 'ஏறுங்க சார்'னேன். போர்டைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, 'இந்த வண்டி போயிடுச்சே'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இதோ நிக்குதே சார்'னேன். 'அப்ப போர்டு பொய் சொல்லுதா?'ன்னு கோவிச்சுக்கிட்டு நடந்தே போயிட்டாரு."

யாரும் ஏறாத அந்த வழித்தடத்தையே நிறுத்திவிடப் போவதாகப் போக்குவரத்து அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. டீச்சர் உடனே உட்கார்ந்து மென்பொருளைத் தோண்டினாள். கூட்டல் குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கழித்தல் குறி சுகமாக உட்கார்ந்திருந்தது. அதனால் வண்டி சற்றுத் தாமதமானாலே 'போய்விட்டது' என்று பலகை அறிவித்துவிடும். டீச்சர் குறியை மாற்றினாள். வேலை முடிந்தது. ஆனால் குழு முறைப்படி வெளியிட்டால்தான் அலுவலகம் அதைப் பலகையில் ஏற்றும்.

சலவைக் கடை மாடியில் குழு கூடியது.

"இப்பவே வெளியிட்டுடலாம் சார்" என்றாள் டீச்சர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நமக்கு வெளியீட்டு அட்டவணைன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இல்லை சார்."

"அட்டவணை இல்லாம வெளியிட்டா, அது சீக்கிரம் வந்துச்சா லேட்டா வந்துச்சான்னு எப்படிச் சொல்றது?"

இவ்வளவு ஆழமான கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. செயலாளரான வக்கீல், வருஷத்துக்கு இரண்டு வெளியீடு போதும், மக்களுக்கு அதற்கு மேல் தாங்காது என்றார். குழுவின் ஆலோசகர் எழுந்தார். அப்போதுதான் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தவர். மடிக்கணினி தெரியாத அளவுக்கு அதன்மேல் ஸ்டிக்கர்.

"உலகமே இப்ப தினமும் வெளியிடுது சார். 'ரிலீஸ் ரயில்'னு பேரு. நேரமானா கிளம்பிடும். எது தயாரோ அது ஏறிக்கும்."

"பஸ் சாஃப்ட்வேருக்கு எதுக்கய்யா ரயில்?" என்றார் வக்கீல். "ஏறறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா?"

"காலியா போகும். போறதுதான் முக்கியம்."

"அதைத்தான் எங்க வீட்டுக்காரரும் பண்ணிட்டிருக்காரு" என்றாள் டீச்சர்.

அது கூட்டக் குறிப்பில் ஏற்றப்படவில்லை.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு, அட்டவணை என்பதும் ஒரு படைப்பே, அதையும் முறைப்படிதான் வெளியிடவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அதை எப்போது வெளியிடுவது என்று முடிவுசெய்ய, வக்கீல் தலைமையில் அட்டவணையின் அட்டவணைக்கான துணைக்குழு உதயமானது. முதலில் அட்டவணையின் சோதனைப் பதிப்பு வந்தது. பிறகு சோதனையில் கண்ட குறைகளின் திருத்தப் பதிப்பு, திருத்தத்தில் நேர்ந்த பிழைகளுக்கு வருத்தப் பதிப்பு. கடைசியில் நிலையான பதிப்பு வந்தபோது கேக் வெட்டினார்கள். ஆலோசகர் புது ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்தார். அட்டவணையைத் தலைவர் எழுந்து நின்று வாசித்தார்.

"மழைக்குப் பின், வெயிலுக்கு முன், தக்க தருணத்தில்."

"தேதி எது சார்?"

"தேதி சொன்னா தவறிடும்மா. தருணம் தவறவே தவறாது."

மறுவாரமே வழித்தடத்தை ரத்துசெய்யப்போவதாக டெப்போ சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். டிரைவர் அன்று சாப்பிடவில்லை. டீச்சர் விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

"இது எல்லாருக்கும் பொதுவான மென்பொருள்தானே? நீங்க வெளியிடாட்டி நானே வேற பேர்ல வெளியிட்டுக்கறேன்."

தலைவர் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். தக்க தருணம் அந்த நிமிடமே வந்துவிட்டது.

பலகைகள் உண்மை பேசத் தொடங்கின. பஸ் நிரம்பி வழிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றை நெரிசலில் பறிகொடுத்துவிட்டு டிரைவர் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார். மகிழ்ந்துபோன அலுவலகம் ரத்தை ரத்துசெய்து, அதே வழியில் இன்னொரு வண்டியும் விட்டது.

அதன் பிறகுதான் ஊர் கொந்தளித்தது.

சலவைக் கடை படிக்கட்டு முழுக்க ஜனம். முன்னால் நின்ற குமாஸ்தா கத்தினார்: "முன்னெல்லாம் ஆபீசுக்கு லேட்டானா, 'போய்விட்டது'ன்னு போர்டைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்புவோம். இப்ப என்னத்தை அனுப்புறது?"

"மாமியார் வீட்டுக்குப் போகாம எத்தனை வருஷம் தப்பிச்சிட்டு இருந்தேன்!" என்று தழுதழுத்தார் ஒரு மருமகன்.

"பழைய போர்டைக் குடுங்க!"

குழு கூடவில்லை. அட்டவணையை யாரும் திறக்கவில்லை. தலைவர் படிக்கட்டில் நின்றபடியே சம்மதித்துவிட்டார். ஆனால் அந்தக் குறி எங்கே இருக்கிறதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாததால் டீச்சருக்குப் போன் போட்டார்.

டீச்சர் அந்த நேரம் தலைமையாசிரியை முன்னால் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மணி என்ன ஆகுது? பஸ்தான் சரியா வருதாமே?"

"ஒரு நிமிஷம் மேடம், அவசர வேலை."

அங்கேயே நின்று, போனிலேயே கூட்டலைக் கழித்தலாக்கினாள். பிறகு போனைத் திருப்பி, பலகை காட்டுவதை அதிலேயே அம்மையாருக்குப் பணிவாகக் காண்பித்தாள்.

"பார்த்தீங்களா மேடம்? போயிடுச்சு."

அந்த வழியில் இப்போது இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாக ஓடுகின்றன.