படகுக்கு ஒயரிங் செய்த சம்பந்தி

பெங்களூரில் எலக்ட்ரீஷியன்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒயருக்கு உறவுமுறை வைத்துக் கூப்பிடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஜீவனஹள்ளியில் அவரை எல்லோரும் சம்பந்தி என்பார்கள். மனிதருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

நம்பர் போட்டு லேபிள் ஒட்டுவது அவருக்கு ஆகாது. "நம்பரை மறந்துடுவ. மாமியாரை மறப்பியா?" என்பார். பாட்டரியிலிருந்து வரும் தடி ஒயர் பெரியப்பா. ஃப்யூஸ் கல்யாணத் தரகர். "சண்டைன்னு வந்தா மொதல்ல எரியறவன் அவன்தானே?" எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். சத்தம் பெரிசாம், வேலை கம்மியாம். அந்த வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவன் நான்தான். என் மாமனார் அந்த லேபிளைக் கிழிக்க இன்னும் யாரையும் விடவில்லை.

எதிர் வீட்டு ஆரோக்கியம் ஏரியில் படகு விடுகிறவர். அரதப் பழசான மோட்டார் படகு. எலி கடித்த ஒயர்களில், ஹார்ன் அடித்தால் விளக்கு எரியும். ஒயரிங்கை முழுக்க மாற்றி, லேபிள் ஒட்டி, அதிகாரியிடம் காட்டி லைசென்ஸ் வாங்காவிட்டால் படகு காயலான் கடைக்குத்தான். அதை விட்டால் ஆரோக்கியத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. "யாரை வேணா கூப்பிடு, சம்பந்தி மட்டும் வேணாம்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

ஹார்ன் மாமியார் ஆனது. படகின் அடியில் கசியும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப், சின்ன மருமகள். "பொழுதன்னிக்கும் தண்ணி எறைக்கிறா. பாவம், யாரும் கண்டுக்கிறதில்ல" என்று விளக்கம் வேறு. இரண்டையும் ஒரே ஃப்யூஸில் கட்டினார்.

"தனித்தனியா குடுங்க சம்பந்தி" என்றார் ஆரோக்கியம்.

"குடும்பத்தைப் பிரிக்கச் சொல்றியா? வேற ஆளைப் பாத்துக்க!"

அதிகாரி வந்தார், கன்னடக்காரர். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, லேபிள்களை ஆரோக்கியத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏன்ரீ இது? படகா, கல்யாண மண்டபமா?"

படகில் ஏறி நடு ஏரிக்குப் போனதும் அதிகாரி ஹார்னை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். தரகர் எரிந்தார். மாமியார் வாயை மூடினாள், கூடவே மருமகளும் வேலையை நிறுத்தினாள். படகுக்குள் தண்ணீர் ஏறியது. அதிகாரி பெஞ்சு மேல் ஏறி நின்று, "பேகா, பேகா!" என்று சீக்கிரம் கரைக்குப் போகச் சொல்லி அலறினார். ஆரோக்கியத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கரையில் என் பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தி தொண்டை கிழியக் கத்தினார். "ஆரோக்கியம்! சின்ன மருமகளைப் பிரிச்சிடு! பக்கத்துல காலி ஃப்யூஸ் கீது பாரு, அங்க தனிக்குடித்தனம் வை!"

வாக்கிங் வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். "இதைத்தான் நானும் சொல்றேன், எவன் கேக்கறான்" என்றார் ஒரு அம்மாள்.

மருமகளைப் பிரித்ததும் பம்ப் ஓடியது. படகு கரைக்கு வந்தது. நனைந்த பேன்ட்டோடு இறங்கிய அதிகாரி, "நம்ம மனைலயும் இதே கதைதான் ஸ்வாமி" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லேபிளை மட்டும் ஒழுங்காக எழுதச் சொன்னார். ஆரோக்கியம் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார்.

அப்புறம்தான் சம்பந்தியைக் காணோம் என்று தேடினோம். ஏரிக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கால் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். எப்போது இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கத்தினேன்.

"தெரியாது" என்றார். "ஆரோக்கியத்துக்கும் தெரியாதே."

நான்தான் இறங்கி இழுத்தேன். மனிதர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவரை யாராவது கிறுக்கன் என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது.