நண்டு பிடித்த கத்தி

தானியேல் காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டான். இன்றைக்குத்தான் சோதனை!

ஏரியில் அவனுக்கு இன்று பாடு கிடையாது. வலை போடும் முறை மேலத்தெரு ஆட்களுக்கு. பெண்டாட்டி மார்கரெட், பாப்பாவுக்கு ஆதார் எடுக்கப் பொன்னேரிக்குக் கிளம்புகிறாள். பஸ் பிடித்து, வரிசையில் நின்று, பாப்பா அழுது, போட்டோவில் கண்ணை மூடி, மறுபடி எடுத்து, திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் வீடு அவனுடையது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இப்படி ஒரு காலைப்பொழுது அவனுக்கு வாய்த்ததே இல்லை.

சோதனை எதற்கு? கத்திக்கு.

சாதாரணக் கத்தியா அது? மடிப்புக் கத்தி. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் 'டக்'கென்று வெளியே வந்து நிற்கும். நின்றது நின்றதுதான். உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது; அதைத் தள்ளினால் ஒழிய ஊரே கூடி அழுத்தினாலும் மடங்காது. காட்டுக்கு, மலைக்கு, வீட்டுக்கு, தோணிக்கு, எல்லாத்துக்கும் ஒரே கத்தி என்று போன் வீடியோவில் ஒரு தாடிக்காரர் அடித்துச் சொன்னார். தானியேல் அவரை நம்பினான். பார்சல் வந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் அது வலை தைக்கும் ஊசி டப்பாவுக்குள் மூச்சு விடாமல் கிடந்தது.

ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? அங்கேதான் சங்கதி.

போன மழைக்காலத்தில் தானியேல் ஒரு நெத்தி லைட்டு வரவழைத்தான். விடியற்காலை ஏரியில் மீன் தெரியும் என்று பார்த்தால், கொசுவுக்கு அவன் தெரிந்தான். கோடையில் ஒரு தொப்பி வரவழைத்தான். முன்னால் குட்டி விசிறி சுற்றும். அன்றைக்கு மார்கரெட் பாப்பாவைத் தூக்கி நிறுத்தி, அதன் தலையில் கை வைத்துச் சொன்னாள்:

"இனிமே இந்த வீட்டுக்கு உன் பேர்ல ஒரு பார்சல் வந்துச்சு, அது இன்னாவா இருந்தாலும் எளாவூர்ல எங்கண்ணன் ராபர்ட்டுக்குப் போயிடும். இது சத்தியம்யா!"

லைட்டும் தொப்பியும் அன்றைக்கே போயின. ராபர்ட் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு செக்போஸ்ட் பக்கம் டீ குடிக்க நின்றால், லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பேப்பரை எடுத்து நீட்டுகிறார்களாம். தானியேலுக்கு வயிறு எரிந்தது. கத்தியும் ராபர்ட் இடுப்புக்குப் போவதா? உயிரே போனாலும் விடக்கூடாது!

மார்கரெட் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மத்தியானம் ஆவும்யா. இன்னா பண்ணப் போற?"

"சும்மா படுத்துனு இருப்பேன்."

"நண்டுக் கூடைமேல கோணியை நனைச்சு வுடு. காஞ்சிதுன்னா செத்துடும். வியாபாரி சாயங்காலம் வரான்."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

அவள் தலை மறைந்ததும் டப்பா திறந்தது. டக்!

முதல் சோதனை, காகிதம். பழைய காலண்டர் தாளைத் தூக்கிப் பிடித்து ஒரு இழுப்பு. சத்தமே இல்லை. தாள் இரண்டாகித் தரையில் விழுந்த பிறகுதான் வெட்டுப்பட்டதே தெரிந்தது. தானியேலுக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது சோதனை, தக்காளி. ஒரு துண்டு எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் மாதா படம் தெரிந்தது. அந்த ஆனந்தத்தில் வீட்டிலிருந்த நாலு தக்காளியும் காலி. மூன்றாவது, சவுக்குக் கட்டை. சீவச் சீவ முறுக்கு மாதிரி சுருண்டு விழுந்தது.

நாலாவது, கயிறு. தாடிக்காரர் சொல்லியிருக்கிறார்: கயிற்றை ஒரே வீச்சில் அறுக்காத கத்தி கத்தியே இல்லை.

மீன்பிடிக்கிற வீட்டில் கயிற்றுக்கா பஞ்சம்? சுற்றிப் பார்த்தான். துணிக்கொடி. அறுத்தால் அவள் சேலையெல்லாம் மண்ணில். பாப்பாவின் தூளிக்கயிறு. தொட்டால் கொலை விழும். வலைக்கயிறு. அது சோறு. அப்போதுதான் நனைந்த கோணிக்குக் கீழே கரகரவென்று சத்தம் கேட்டது.

நண்டு!

கூடையில் பதினெட்டு சேத்து நண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொடுக்கையும் சேர்த்து மடக்கி, நைலான் கயிற்றால் கட்டியிருந்தாள் மார்கரெட். கொடுக்கு உடையாத உயிர் நண்டுக்குத்தான் மதிப்பு என்பதால் அவள் கட்டுகிற கட்டு ஏரி முழுக்கப் பேர் போனது. ஒரு கட்டை அறுத்தால் என்ன? மறுபடி கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? தானியேலும் மீனவன்தானே.

மீனவன்தான். ஆனால் நாலு வருஷமாக அவன் ஒரு நண்டைக்கூடக் கட்டியதில்லை. அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்தான். சாப்பாட்டுத் தட்டு அகலம். தரையில் வைத்து முதுகை மிதித்துக்கொண்டு, ஒரு பக்கக் கட்டின்மேல் கத்தியை வைத்தான். இழுக்கக்கூட இல்லை. வைத்தான், அவ்வளவுதான். கயிறு போய்விட்டது!

"பாருங்க நண்பர்களே!" என்று இல்லாத நண்பர்களைப் பார்த்துக் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். கை மேலே போனது. கூடவே காலும் லேசாக மேலே போனது. கை கீழே வந்தபோது அங்கே ஒரு கொடுக்கு விரிந்து காத்திருந்தது.

லபக்!

விரலா, கத்தியா? அரை நொடியில் தானியேல் விரலைத் தேர்ந்தெடுத்தான். கத்தியின் பிடியைக் கவ்விக்கொண்ட நண்டு, அலகை அவன் முழங்காலுக்கு நேராக நீட்டியபடி, பக்கவாட்டில் சரசரவென்று ஓடிப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

தானியேல் துடைப்பத்தை நீட்டினான். துடைப்பத்தில் பாதி ஈர்க்கு கீழே விழுந்தது. கத்தி அவ்வளவு கூர்மை. பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

"தானியேலு! வலைக்கு ஈய மணி இருந்தா ரெண்டு குடேன்..." என்று உள்ளே வந்தார் பக்கத்து வீட்டு தங்கவேல். ஊர்க்கூட்டத்தில் தீர்ப்பு சொல்கிற நாலு பேரில் ஒருவர். வந்தவர் பீரோ பக்கம் பார்த்தார். நின்றார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"டேய்... உங்க வூட்டு நண்டு இன்னாத்துக்குடா கத்தி புடிச்சினு கீது?"

"சத்தம் போடாதண்ணே."

"யாரை வெட்டப் போவுது?"

"அண்ணே, உன் கால்ல வுழறேன், மார்கரெட் வர்றதுக்குள்ள அத்தப் புடுங்கணும். நீ அந்தப் பக்கம்..."

"நானா? எனக்குப் பேரன் கீறான்டா!"

"எந்தப் பக்கம், இன்னா புடுங்கணும்?" என்று வாசலில் ஒரு குரல்.

மார்கரெட். இடுப்பில் பாப்பா. போய் முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தானியேல் சட்டென்று திரும்பினான். "பொன்னேரி போவல?"

"பஸ் பூட்ச்சு." அவள் தரையைப் பார்த்தாள். தக்காளி. சவுக்குச் சுருள். காலண்டர் துண்டு. வழுக்கை விழுந்த துடைப்பம். கடைசியில் பீரோ சந்து. நண்டு கத்தியை ஒரு ஆட்டு ஆட்டியது.

"இன்னாய்யா இது?"

"நண்டு."

"அது எனக்கும் தெரியுது. அது புடிச்சினு கீறது இன்னா?"

"பாத்தா... கத்தி மாதிரி கீது."

"யாரு கத்தி?"

இங்கேதான் தானியேலின் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

"நண்டோடதுதான்."

தங்கவேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏரியில யாரோ தவற வுட்டிருப்பாங்க. டூரிஸ்ட்டுங்க வராங்க இல்ல, பறவை பாக்க? அவங்கள்து வுழுந்திருக்கும். நண்டு எடுத்து வச்சினுருந்திருக்கும்."

"நேத்து நான்தானே கட்டுனேன். அப்ப இல்லியே?"

"வயித்துக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கும்."

"அம்மாம்பெரிய கத்தியையா?"

"மடிச்சு வச்சிருந்துச்சும்மே! இப்பதான் விரிச்சிச்சு."

"நண்டு விரிச்சிச்சு?"

"ஒரு விரல் போதும்மே, அவ்ளோ ஸ்மூத்து..." என்று ஆரம்பித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மார்கரெட் பாப்பாவை அவன் கையில் கொடுத்தாள். ஒரு வாளியில் ஏரித் தண்ணீர் கொண்டுவந்தாள். பின்னாலிருந்து நண்டின் முதுகை அழுத்தித் தூக்கித் தண்ணீருக்குள் இறக்கினாள். தண்ணீரைக் கண்டதும் கொடுக்கு தானாக விட்டது. கத்தி அடியில் போய் 'ணங்'கென்று உட்கார்ந்தது. இரண்டு சுற்று சுற்றி நண்டைக் கட்டிக் கூடையில் போட்டாள். மொத்தமும் ஒரு நிமிஷ வேலை.

பிறகு கத்தியை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "தங்கவேலண்ணே, நீ ஊர்ப் பெரியவன். வலையில மீன் இல்லாத வேற பொருள் ஏறிச்சுன்னா ஊர்க் கட்டுப்பாடு இன்னா சொல்லுது?"

"வலை யாருதோ, பொருள் அவங்களுக்கு. எங்க நைனா காலத்துலேர்ந்து அதான்மா."

"இந்த நண்டு வலை யாருது?"

"உன்னுதும்மா. மகளிர் குழுவுல உன் பேர்ல குடுத்தது. ஊருக்கே தெரியும்."

"நடுவுல யாராச்சும் வந்து, இது என் கத்தின்னு சொன்னா?"

"கூட்டத்துல வந்து நிக்கணும். எங்க வாங்கனது, எப்ப வாங்கனது, எப்படி வந்துச்சு, எல்லாத்தையும் நாலு பேர் முன்னால சொல்லணும்."

"சொல்றவங்க யாராச்சும் கீறாங்களா?" மார்கரெட் திரும்பித் தானியேலைப் பார்த்தாள். தங்கவேலும் பார்த்தார். பாப்பாவும் பார்த்தது.

தானியேல் மேலே கூரையைப் பார்த்தான். சொன்னால் பார்சல். பார்சல் என்றால் ராபர்ட். லைட்டு, தொப்பி, கத்தி. செக்போஸ்ட்டில் பஸ்ஸே நின்றுவிடும்.

"யாரும் இல்ல," என்றான். குரல் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது.

"அப்ப இது என்னுது." மார்கரெட் கத்தியை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். மடங்கவில்லை. "கெட்டுப்போன கத்தி போலகீது. அண்ணே, அந்த அம்மிக்குழவியை எடு. ரெண்டு போடு போட்டா மடங்கும்."

தங்கவேல் குழவியைத் தூக்கினார்.

"ஐயோ, வேணாம்!" தானியேல் பாப்பாவோடு பாய்ந்தான். "உள்ள ஒரு தகடு கீது பாரு, அத்தக் கட்டை விரலால இந்தப் பக்கம் தள்ளு! மெதுவா! இப்ப மடி!"

டக். மடிந்தது.



"நண்டு சொல்லிக் குடுத்துச்சா?" என்றார் தங்கவேல்.

"குத்துமதிப்பா சொன்னேன்," என்றான் தானியேல். தங்கவேல் சிரிப்பை அடக்கியபடி, வந்த வேலையை மறந்து, குழவியைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனவர், அதை வைக்க மறுபடி வந்து, மறுபடி சிரித்துவிட்டுப் போனார்.

மார்கரெட் திட்டுவாள் என்று தானியேல் காத்திருந்தான். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் அடுப்பங்கரைக்குப் போய் ஒரு சட்டியோடு வந்தாள். சட்டி நிறையக் காரப்பொடி மீன். ஒவ்வொன்றும் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு கிலோவுக்கு எத்தனை இருக்கும் என்று எண்ணியவர்கள் யாரும் ஊரில் இல்லை.

"கத்தி என்னுது. ஆனா உனக்குத்தான் அதோட கொணம் தெரியுது. குந்து, ஆஞ்சு குடு. தக்காளி வேற ரெடியா கீது, கொழம்பு வச்சுடலாம்."

தானியேல் உட்கார்ந்தான். வேறு வழி? குறைந்தபட்சம் கத்தி கையிலாவது இருக்கிறது. தலை, வால், குடல். தலை, வால், குடல். நாற்பதாவது மீனில் அவனுக்கே ஒரு பெருமை வந்தது. முனை அப்படிப் போகிறது! வெண்ணெயில் போகிற மாதிரி!

"ஆனா ஒண்ணு மார்கரெட்டு," என்றான். "நல்ல கத்திம்மே. எளாவூருக்குப் போவாம இங்கயே தங்கிச்சே, அதுவரைக்கும் சந்தோஷம்."

மார்கரெட் பாப்பாவுக்குச் சோறு ஊட்டியபடி நிமிராமல் சொன்னாள்:

"பார்சல்னு நீ ஒத்துக்கினிருந்தா ராபர்ட்டுக்குக் குடுக்கணும்யா, பாப்பா மேல சத்தியம் பண்ணிட்டேனே. அவனுக்குக் குடுக்கவாய்யா புதன்கிழம தோணித்துறையில வழி தெரியாம சுத்தினுருந்த பார்சல்காரரை நம்ம தெரு வரைக்கும் கூட்டியாந்து வுட்டேன்?"