கன்ட்ரி அண்ணன் போன டூர்

கவிதா, மாறன், நேற்று என் போனில் வந்த குரல் பதிவைக் கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “வணக்கம் ரசிகப் பெருமக்களே!” என்று கத்துகிற அந்த ஆள் யாரப்பா என்று கேட்டீர்கள். நான் அப்போது வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதி வைக்கிறேன், படியுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை.

ஒரு ரசிகர்கூட இல்லாமல் ரசிகர்களுக்குத் தினமும் செய்தி அனுப்புகிற பாடகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நம் ஆரணியில் இருக்கிறார். பெயர் கன்ட்ரி அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை, பட்டு நூலுக்குச் சாயம் போடுவது. அவர் விரலைப் பார்த்தால் இந்த வாரம் தறியில் என்ன கலர் சேலை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். கிடாரும் அப்படித்தான். வாங்கும்போது மஞ்சளாக இருந்ததாம். நான் பார்த்தபோது பாதி கத்தரிப்பூ, பாதி மயில்கழுத்து.

தலையில் அகலமான தொப்பி ஒன்று இருக்கும். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் போடுவார்களாம். அதைப் போட்டுக்கொண்டு, அவர்கள் பாடுகிற கன்ட்ரி பாட்டுபோலத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவார். கேட்பதற்கு மட்டும்தான் ஆள் வேண்டும்.

“கன்ட்ரி பாட்டுன்னா இன்னாண்ணா? நாட்டுப்புறப் பாட்டா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“நாட்டுப்புறம் வேறபா, கன்ட்ரி வேற.”

“கன்ட்ரின்னா நாடுதானே?”

“நாடுதான். ஆனா இது அந்த நாடு இல்ல.”

அதற்குமேல் கேட்க எனக்குப் படிப்பு போதாது. டீக்கடைக்காரர்கள் மட்டும் விடாமல் அவருக்கு ‘நாட்டுக்கோழி’ என்று மொழிபெயர்ப்பு செய்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் ரசிகர் மன்றம் வைத்திருந்தார். உறுப்பினர்கள் மூன்று. அவர், அவருடைய இன்னொரு நம்பர், நான். “வணக்கம் ரசிகப் பெருமக்களே! புதுப் பாட்டு ரெண்டு வரி ரெடி. மூணாவது வரி வந்துகினு இருக்கு” என்பார். மறுநாள் காலை, “மூணாவது வரி வந்துச்சி, எழுதி வைக்கறதுக்குள்ள போயிடுச்சி. யாரும் பதட்டப்பட வேணாம்” என்பார். அவருடைய இன்னொரு நம்பர் உடனே கை தட்டும்.

ஒருநாள் சாயப் பட்டறையிலிருந்து நேராக என் வேனுக்கு வந்தார். வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஞாயிறானால் கோயில் டூர் போகிறவர்களும் ஏறுகிற வண்டி அது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

“தம்பி, பாட்டு முடிஞ்சிடுச்சி. மூணு சரணம். டூர் போறேன். ஒரு ஊருக்கு ஒரு சரணம். களம்பூர், சேத்துப்பட்டு, செய்யார். டீசல் நான் போட்டுக்கறேன், ஜனத்துக்கு நீ சொல்லு. இந்த தபா பத்து பேராவது ஒக்காந்து கேக்கலன்னா கிடார வித்துடறேன். வயசு அம்பத்தி ரெண்டு ஆவுது. போதும்பா, பேஜாரா கீது.”

எனக்குப் பயமாகிவிட்டது. சொன்னால் செய்கிற ஆள். இரண்டு நாள் யோசித்து, என் வேன் குரூப்பில் இப்படி எழுதிப் போட்டேன்: ‘ஞாயிறு டூர். களம்பூர், சேத்துப்பட்டு, செய்யார். காலை ஆறு மணி. கட்டணம் இல்லை. புதுப் பாட்டு உண்டு.’

தப்பு எங்கே என்று உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் பதினோரு பேர் நின்றார்கள். டிபன் கேரியர், தண்ணீர் கேன், தலையணை. நெற்றி நிறையப் பட்டை போட்டவர் இரண்டு பேர். எல்லோருக்கும் முன்னால், தேங்காய் பழத் தட்டோடு சரோஜா அக்கா. தறிக்காரத் தெருவில் குரலுக்குப் பேர்போனவர். நம் ஊரில் டூர் என்றால் கோயில் டூர்தானே? அதுவும் கட்டணம் இல்லாத டூர்!

கன்ட்ரி அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பதினோரு பேருபா! தேங்கா பழத்தோட வந்துகிறாங்க, பாரேன்! எனக்கா இதெல்லாம்?”

இவரிடம் உண்மையைச் சொன்னால் கிடார் போய்விடும். அவர்களிடம் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள். இருபது வருஷம் வண்டி ஓட்டிப் பழகியவன் செய்வதைத்தான் செய்தேன். வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

களம்பூரில் ரைஸ் மில் ஓரம் நிறுத்தி, “டீ குடிக்கிறவங்க குடிங்க” என்றேன். அண்ணன் ஒரு நெல் மூட்டையில் ஏறி உட்கார்ந்து முதல் சரணத்தைப் பாடினார். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒரு பெண். தினமும் ரோட்டோரம் நின்று அவளைப் பார்க்கிற ஒருவன்.

“டூர்ல கச்சேரியும் வெச்சிகிறாம்பா டிரைவரு, நல்லவன்!” என்றார் பட்டைக்காரர் ஒருவர். அடுத்த கோயில் எது என்று அவர் கேட்பதற்குள் ஹாரனை அழுத்தினேன்.

சேத்துப்பட்டில் மாதா கோயில் பக்கம் நிறுத்தினேன். கோயில் என்று ஒன்றாவது கணக்கில் வரட்டுமே! கும்பிட்டு வந்தவர்களை மரத்தடியில் உட்கார வைத்து இரண்டாவது சரணம்.

“இன்னியோட போறா, நாளைக்கி வரமாட்டா,
கண்ணாடி ஓரம் அவ மொகம்.
கையக் காட்டலாம்னு பாத்தேன்,
கையெல்லாம் செவப்புச் சாயம்.”

சரோஜா அக்கா புளிசாதத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“ஏம்பா, சாயமா இருந்தா இன்னா? காட்டியிருக்கலாமில்ல? அவ திரும்பிப் பாத்தாளா இல்லியா?”

“அது செய்யார்லக்கா” என்றார் அண்ணன், பெருமை பிடிபடாமல்.

“சரி, செய்யாருக்கு அப்பறம் எந்தக் கோயிலு? மேல்மலையனூர் உண்டா? பொழுதோட ஊடு சேரணும்.”

அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டயரைப் பார்த்தேன். அவர் மெதுவாக எல்லோரையும் பார்த்தார். தலையணை, கேரியர், நெற்றிப் பட்டை, தேங்காய்த் தட்டு. பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தாண்ணா தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கிடாரைத் துணியில் சுற்றிக் கடைசி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் வண்டிக்குள் ஒரே கூச்சல். ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தாய், எங்களை ஏமாற்றினாய் என்று எல்லாம் எனக்குத்தான். செய்யார் வரைக்கும் வாங்கிக்கொண்டே ஓட்டினேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தொப்பி அசையவே இல்லை.

தொழிற்பேட்டை ஓரம் நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை.

“கன்ட்ரி, எழுந்திரு” என்றார் சரோஜா அக்கா.

“விடுக்கா. நீங்க சாமி பாக்க வந்தவங்க.”

“சாமிய அடுத்த வாரம் பாத்துக்கறேன். பாதியில வுட்டுட்டுப் படுத்துகினா எப்படி? அவ திரும்பிப் பாத்தாளா இல்லியா? அது தெரியாம நான் எப்படி ஊட்டுக்குப் போயி சோறு துன்றது? ஜல்தி எடு அந்தக் கிடார!”

“ஆமாம்பா, கோயிலும் இல்ல, பாட்டும் இல்லன்னா எப்படி?” என்றார் பட்டைக்காரர்.

அண்ணன் தொப்பியை எடுத்தார். ரொம்ப நேரம் கிடாரைச் சரிசெய்வதுபோல எதையோ செய்துகொண்டிருந்தார். பாடமாட்டாரோ என்று நினைத்தேன். அப்புறம், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே, குரல் கொஞ்சம் உடைந்து, பாடினார்.

“அவ திரும்பிப் பாத்தாளா, கேக்காதீங்க.
எனக்கெப்படித் தெரியும் சொல்லுங்க.
பஸ்ஸு வளைவுல திரும்பறப்போ
குனிஞ்சி நான் கையத் தொடச்சிகினிருந்தேன்.”

“அட பாவி மனுசா!” என்றார் சரோஜா அக்கா.

அன்று ஏதோ ஓவர்டைம் ஷிப்ட் போலிருக்கிறது. தொழிற்பேட்டைக்குள்ளிருந்து கம்பெனி பஸ் ஒன்று வெளியே வந்தது. ஜன்னலோரம் பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். சரோஜா அக்கா வேனுக்கு வெளியே கையை நீட்டி, யாரென்றே தெரியாத அந்தப் பெண்களுக்கு ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். பட்டைக்காரரும் ஆட்டினார். கன்ட்ரி அண்ணன் தன் விரல்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அவரும் கையைத் தூக்கினார்.

திரும்பும்போது அந்தப் பாட்டை நான்கு தரம் பாடவைத்தார்கள். மறுநாள் குரல் பதிவு வந்தது. “வணக்கம் ரசிகப் பெருமக்களே! டூர் மாபெரும் வெற்றி. வந்தவங்க பதினோரு பேரு, ஏமாந்தவங்களும் பதினோரு பேரு.” கிடாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விற்கவில்லை என்று நானே புரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவ ஏரிப் பக்கம் ஓட்டிப் போனேன். நானும் வண்டியும் மட்டும்தான். களம்பூர்க்காரர் ஒருவர் அடுத்த மாத முகூர்த்தத்துக்கு வண்டி கேட்டிருந்தார். போன் போட்டு, “அன்னிக்கு வண்டி கெடைக்காதுங்க, டூர் இருக்கு” என்றேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். “கோயில் இல்லீங்க, எங்க பாடகர் போறாரு” என்று சொல்லி வைத்தேன். இன்னொரு டூருக்கு வண்டி வேண்டும் என்று அண்ணன் அதுவரை என்னிடம் கேட்டிருக்கவே இல்லை.