மரங்கொத்திக்குத் தும்பிக்கை இல்லை

ஒரு காட்டில், சுற்றுலாக்காரர்கள் வந்து போகும் ஓரமாக, முத்துப்பேச்சி என்றொரு மரங்கொத்தி தன் வீட்டுக்காரர் சுடலையோடு குடியிருந்தாள். நல்ல உழைப்பாளி. ஒருநாள் காலையில் தேக்கு என்று நினைத்து அவள் ஓங்கிக் கொத்தியது ஒரு சிமெண்டுத் தூண். பட்டை, முடிச்சு எல்லாம் வைத்து, மரம் மாதிரியே பெயின்ட் அடித்திருந்தார்கள். அலகு பாதியில் முறிந்துவிட்டது.

அதன்பிறகு சுடலை கொத்தியதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பத்தே நாளில் இரண்டு பேரும் இளைத்துவிட்டார்கள்.

“எட்டு வருஷமா காப்பீட்டுக்குப் புழு கட்டிட்டு வர்றோம்,” என்றார் சுடலை. “இதுக்குத்தானே கட்டினோம். போய்க் கேளு.”

போனாள். காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் ஓர் ஆமை. மோசமானவர் இல்லை, மெதுவானவர். இரண்டு நாள் வரிசையில் நின்று, மூன்றாம் நாள் அவர் கையால் படிவம் வாங்கினாள். யானைகள் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் அச்சடித்த படிவம் அது. கால், வால், காது, தும்பிக்கை, தந்தம், கொம்பு என்று கட்டங்கள் இருந்தன. எது போயிருக்கிறதோ அதில் குறி போட வேண்டும். அலகுக்குக் கட்டம் இல்லை.

‘இதர’ என்று ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். இருந்தது, போன வருஷம் எடுத்துவிட்டார்கள் என்றார் ஆமை. எல்லாரும் அதிலேயே எழுதினார்களாம்.

அவள் திரும்பி நடந்ததைப் பார்த்து ஆமைக்கு மனசு கேட்கவில்லை. எதற்கும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் ஓர் ஆந்தை. பகலில் மட்டும்தான் நோயாளிகளைப் பார்ப்பார், பகலில் அவருக்குக் கண் தெரியாது. படிவத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு தடவித் தடவிச் சோதித்தார். கால் சரி, வால் சரி. தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் தடவினார், இல்லை. தந்தம் இல்லை. கொம்பும் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

“எவ்வளவு நாளா இப்படி?”

“பிறந்ததிலிருந்தே இல்லைங்க, டாக்டர். ஆனா எனக்கு உடைஞ்சது அலகு.”

ஆந்தை எழுதுவதை நிறுத்தினார். “அம்மா, அலகைப் பத்தி மட்டும் இங்க பேசாதீங்க. கேஸ் கெட்டுப்போயிடும்.”

பாதிப்பு நூறு சதவீதம், பிறவியிலிருந்தே என்று சான்றிதழ் வந்தது. வீட்டுக்குப் பறந்து வரும் வழியெல்லாம் முத்துப்பேச்சி அழுதாள். தும்பிக்கையே இல்லாமல் இத்தனை வருஷம் எப்படித்தான் சமாளித்தோமோ என்று அவளுக்கே தன்மேல் பாவமாக இருந்தது.

அடுத்த மாதம் காப்பீட்டிலிருந்து மாதாந்திர உதவிப் புழுவோடு ஒரு ரப்பர் தும்பிக்கையும் வந்தது. சுடலை அதை நார் வைத்துக் கட்டிவிட்டார். மரத்துளையில் விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். எறும்பு முட்டை, வண்டு, புழு எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. இரண்டு பேருக்கும் உடம்பு தேறியது.

வருஷம் முடிந்ததும் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஆந்தை தடவினார். தும்பிக்கை இருந்தது.

அது நீங்கள் கொடுத்ததுதான் என்று முத்துப்பேச்சி விளக்கிச் சொன்னாள். நோயாளிகள் இப்படி நன்றியோடு பேசுவது அபூர்வம் என்று நெகிழ்ந்துபோய், பூரண குணம் என்று எழுதினார் ஆந்தை. உதவி நின்றது. தும்பிக்கையோடு திடமாக இருப்பவர்கள் மரக்கிடங்கில் கட்டை இழுக்க வர வேண்டும் என்று ஆணையும் வந்தது.

முத்துப்பேச்சியின் எடை எண்பது கிராம். ஆனாலும் போனாள். மேஸ்திரி யானை வந்தவள் யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தேக்குக்கட்டையைக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, தும்பிக்கையை வைத்து, உயிரைக் கொடுத்து இழுத்தாள்.

கட்டை அசையவில்லை. அதற்குள் இருந்த புழு அத்தனையும் வெளியே வந்துவிட்டது. மூன்று வருஷமாகக் கிடங்கையே அரித்துத் தின்றுகொண்டிருந்த புழு அது. மேஸ்திரி அன்றைக்கே அவள் வேலையை நிரந்தரமாக்கினார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ‘யானை, சிறியது’ என்று இருக்கிறது.

நீதி: அலகு உடைந்தால் அதற்காக அழாதே, தும்பிக்கை இல்லையே என்று அழு. அதற்குத்தான் கட்டம் இருக்கிறது.