குரோம் குமாரின் முகம்

ஆம்பூர் வட்டாரத்தின் மிகச் சிறந்த காமிக்ஸ் எழுத்தாளரும் மிக மோசமான காமிக்ஸ் எழுத்தாளரும் ஒருவரே: எங்கள் பேட்டர்ன் மாஸ்டர். எனக்குத் தெரிந்து வேறு போட்டியாளர் இல்லை என்பதால் இரண்டு பட்டமும் அவரிடமே இருந்தன.

ஷூ கம்பெனியில் அட்டையில் ஷூவின் வடிவங்களை வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. மிச்ச அட்டையில் காமிக்ஸ் வரைவார். ஞாயிறு காலை ஒரு பக்கம் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வரும். கதாநாயகன் கேப்டன் பாலாறு. ஆற்றில் தண்ணீர் வரவைப்பது அவன் லட்சியம். இதுவரை லாரித் தண்ணீர்தான் வந்திருந்தது. வில்லன், தோல் பதனிடும் குரோம் கழிவை ஆற்றில் விடும் குரோம் குமார்.

ஷூக்களை அபாரமாக வரைவார். தையல்களை எண்ணிவிடலாம். முகம் மட்டும் வராது. கேப்டன், குமார், கதாநாயகி ராணி, ராணியின் அப்பா எல்லோருக்கும் உரித்த முட்டையில் கண் வைத்த ஒரே முகம்.

"மூஞ்சியில இன்னா கீது? ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. ஆளு யாருன்னு காலுதான்பா சொல்லும்" என்பார்.

வாசகர்களும் அதற்கேற்றவர்கள். கேப்டன் ஓடும் ரயிலில் தொங்கிய வாரம் தையல் பிரிவு செல்வி அக்கா குரல் பதிவு போட்டார்: "மாஸ்டர், லெஃப்ட் ஷூவுல தையல் கோணலா கீது. ரிஜெக்ட்!" அவன் பிழைத்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராணியின் திருமணத்தைக் கோயிலில் வைத்தது தவறாகப் போயிற்று. எல்லோரும் வெறுங்கால். ராணி மாலை போட்டது கேப்டனுக்கா, குமாருக்கா என்று கம்பெனி பஸ்ஸில் வாரம் முழுக்கச் சண்டை. மறு ஞாயிறு, மாப்பிள்ளை கோயில் வாசலில் கேப்டனின் ஷூவை மாட்டிய பிறகே குடியாத்தம் ரூட் பஸ் அமைதியானது.

பிறகு வந்தது வினை. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்காக ரகசியமாகச் செய்து, துணி போட்டு மூடி வைத்திருந்த சாம்பிள் ஷூவை அந்த ஞாயிறு குரோம் குமார் போட்டிருந்தான். திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். பக்கத்து மேசையில் ஏற்றுமதி பில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"பையரே இன்னும் கண்ணால பாக்கல. உன் வில்லன் போட்டுக்கினு ஓடுறான்!"

"வில்லன் சார் அவன். திருடித்தான் போட்டிருப்பான்."

மேனேஜர் சிரிக்கவில்லை. இனி காமிக்ஸில் ஒரு ஷூ தெரிந்தாலும் வேலை போய்விடும் என்றார்.

அடுத்த வாரம் பாலாற்று மணலில் எல்லோரும் வெறுங்காலில் சண்டை போட்டார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. "இன்னா மாஸ்டர், எல்லாரும் திரும்பவும் கோயிலுக்குப் போய்ட்டாங்களா?" என்று செல்வி அக்கா கேட்டார். அதற்கடுத்த வாரம் அவரும் கேட்கவில்லை. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து என்னையே வெறித்தார்.

"அசையாத."

"சாப்புடுறேண்ணா."

"மெதுவா மெல்லு. மூஞ்சி வேணும்பா."

தினமும் இதே கதை. மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று தையல் பிரிவில் கவலைப்பட்டார்கள்.

ஒரு ஞாயிறு குரோம் குமாருக்கு முகம் வந்தது. தூக்கிய பல், ஒட்டிய கன்னம், என் காது. குரூப் மறுபடி அலறியது. செல்வி அக்கா எழுதினார்: "வில்லன் பில் செக்ஷன்ல இருந்து வர்றான் டோய்!"

சண்டைக்குப் போனேன். "ஏண்ணா, என்னைப் போய் வில்லனாக்கிட்டியே?"

"கேப்டன் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்தா போதும். வில்லன் வாரா வாரம் வரணும்பா. தெனம் பழகுற ஆளு மூஞ்சியா இருந்தாத்தான் கையில வருது."

பிறகு நான் வேலை மாறி ஓசூர் வந்தேன். கதையை முடிக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று போனில் சொன்னேன்: "நான்தான் போய்ட்டனே, குமாரச் சாவடிச்சிடுண்ணா."



"நீ ஊர விட்டுப் போனா, நான் உன்னச் சாவடிக்கணுமா? வீடியோவுல வா. மூஞ்சியக் காட்டு."

சனிக்கிழமைகளில் முகம் கழுவிக்கொண்டு காத்திருக்கிறேன்.