மூன்றாம் பதிப்புக்குத் திரும்பிய கழகம்

ஒரு கழகம் என்றால் அதற்கு ஒரு தலைவர் வேண்டும். தலைவர் என்றால் அவருக்கு ஒரு படம் வேண்டும். படம் என்றால் அது போதுமான அளவில் இருக்க வேண்டும். சுங்கை லாலாங் வட்டாரத் தமிழர் நற்பணிக் கழகத்தில் நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் இந்த மூன்றாவது விதிதான். நானும் அதன் ஆயுள் உறுப்பினன் என்பதால் வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கழகத்துக்கு என்று இருப்பது செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மண்டபம். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். முன்பெல்லாம் மண்டபம் வேண்டுமென்றால் அப்போதைய தலைவர் காளிதாசனுக்கு ஒரு போன் போடுவோம். "ஆகட்டும்" என்பார், ஆகிவிடும். இவ்வளவு எளிதாக ஒரு காரியம் நடப்பது நிர்வாகத்துக்கு அழகில்லை என்று சிலருக்குத் தோன்றவே, எல்லாம் கணினிக்குப் போயின. போன் போட்டவர்களுக்கு ஓடிபி எண் வந்தது, மண்டபம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் கோலா கெத்திலில் உள்ள ஒரு கழகமும் நம்மைப் போலவே கணினியில் மூன்றாம் பதிப்பு வைத்திருக்கிறது என்ற துயரச் செய்தி காளிதாசனை எட்டியது. "அவனும் மூணு, நாமளும் மூணா? நாலு போடு" என்று உத்தரவிட்டார். எதில் நாலு என்று அவருக்கும் தெரியாது, கைதட்டிய எங்களுக்கும் தெரியாது. நாலு போடப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காளிதாசன் தோற்று, தர்மலிங்கம் தலைவரானார்.

தர்மலிங்கம் பதவியேற்றதும் செய்த முதல் காரியம், 'சிஸ்டத்தில் இல்லாதது நடக்காதது' என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டியது. இரண்டாவது காரியம், கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து தம் படத்தைப் பார்த்தது. மூன்றாம் பதிப்பில் காளிதாசனின் முகம் பாதித் திரையை அடைத்துக்கொண்டு இருந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நான்காம் பதிப்பில் தர்மலிங்கத்தின் முகம் தபால்தலை அளவில் ஒரு மூலையில் கிடந்தது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பொறியாளர் ரிஸால் வரவழைக்கப்பட்டார். பொறுமைசாலி. அன்றைக்கு வரைக்கும்.

"இது ஒண்ணுமில்லண்ணே," என்றார் ரிஸால். "படத்தைப் பெருசாக்கணும், அவ்வளவுதான். தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள செஞ்சுடலாம்."

"தம்பி," என்றார் தர்மலிங்கம், "படத்தைப் பெருசாக்குன்னு நான் கேட்டா அது சுயநலம். பழைய பதிப்புக்குத் திரும்புன்னு கேட்டா அது கொள்கை. நமக்குக் கொள்கைதான் முக்கியம்."

ரிஸால் விளக்கிப் பார்த்தார். "அண்ணே, புரோகிராம் எல்லாம் கண்டெய்னர்னு சின்னச் சின்ன டப்பாவுக்குள்ள ஓடுது. டப்பாவை எப்ப வேணும்னாலும் தூக்கிப் போட்டுட்டு வேற வைக்கலாம். ஆனா உங்க பதிவெல்லாம் டப்பாவுல இல்ல, ஸ்டோரேஜ்ல இருக்கு. அந்த ஸ்டோரேஜ் மென்பொருள் நாலுக்கு ஏறினப்பவே எல்லாத்தையும் அதோட பாணியில மாத்தி எழுதிடுச்சு. நாலு எழுதுனதை மூணுக்குப் படிக்கத் தெரியாது. பின்னால போகணும்னா, ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்து வெச்ச காப்பியைத்தான் போடணும். அதுக்கப்புறம் பதிஞ்சது ஒண்ணும் இருக்காது லா."

"இருக்காதுன்னா?"

"நடக்காத மாதிரி."

"நல்லதாப் போச்சு," என்றார் தலைவர். காளிதாசன் காலத்துக் குளறுபடியெல்லாம் ஒழியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"சரி, இப்ப இருக்கிறதையாவது ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கவா?"

"எதுக்கு? நான் வெச்ச காலைப் பின் வைக்கிற ஆள் இல்ல," என்றார், பின்னால் போவதற்கு ஆள் கூப்பிட்டவர்.

பின்னிறக்கும் வைபவம் நல்ல நாள் பார்த்து நடந்தது. புதுக் காருக்கு வைப்பதுபோல ரிஸாலின் மடிக்கணினிக்கு எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. வண்டி பின்னால் போகப்போவதால் பழத்தை முன்பக்கம் வைப்பதா, பின்பக்கம் வைப்பதா என்ற கேள்வி எழுந்து, செயற்குழு இரண்டாகப் பிரிந்து, இறுதியில் நான்கு பக்கமும் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. "கீபோர்டுல சாறு படாம இருந்தாச் சரி," என்றார் ரிஸால்.

பொத்தான் அழுத்தப்பட்டது. திரையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. கைதட்டினோம். பிறகு அது காளிதாசனின் முகம் என்று தெரிந்து, எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் தட்டினோம்.

"அளவு சரியா இருக்கு," என்றார் தர்மலிங்கம். "ஆளை மட்டும் மாத்திரு."

அந்த நேரம் பார்த்துத்தான் குணசுந்தரி உள்ளே வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ஷாமளாவுக்கு நம் மண்டபத்தில் கல்யாணம். அலங்காரக்காரர் போன் செய்தபோது அப்படி ஒரு பதிவே இல்லை என்று சிஸ்டம் சொல்லியிருக்கிறது.

"என்னா தம்பி இது? ரசீது கையில இருக்கு, மண்டபம் இல்லங்கிறீங்க?"

செயலாளர் வசந்தன் ரசீதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "அக்கா, இது நாலாம் பதிப்புல அடிச்ச ரசீது. நாம இப்ப மூணாம் பதிப்புல இருக்கோம். இந்த ரசீது இன்னும் பிறக்கலக்கா."

"தஞ்சோங் டாவாய் வரைக்கும் பத்திரிகை வெச்சாச்சு! மாப்பிள்ளை வீட்டுல பஸ் பேசியாச்சு! நான் எங்க போவேன்?"

"வாசல்ல பலகை பாத்தீங்கல்ல?" என்றார் தர்மலிங்கம் கனிவோடு. "சிஸ்டத்தில் இல்லாதது நடக்காதது. எனக்கும் வருத்தம்தான்."

குணசுந்தரி திரையைப் பார்த்தார். தர்மலிங்கத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அப்ப நீங்க தலைவரானது மட்டும் எப்படி நடந்துச்சு?"

வசந்தன் பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். அறிக்கை வாசிக்கும்போது அவர் எழுந்துதான் நிற்பார். "மேற்படி பதிவின்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் இன்னும் நடைபெறவில்லை. எனவே தலைவராக நீடிப்பவர் திரு. காளிதாசன் அவர்களே. நீங்க கொஞ்சம் நாற்காலியை விட்டு எழுந்திருங்கண்ணே."

சேதி தெரிந்து காளிதாசன் ஓடோடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குணசுந்தரி அவரிடம் போய் நின்றார். பழைய காளிதாசனாக இருந்தால் "ஆகட்டும்" என்றிருப்பார். ஆனால் பலகை வாசலில் அப்படியே இருந்தது, பதவியை மீட்டுக் கொடுத்த பலகை வேறு. "சிஸ்டத்துல இல்லையே தங்கச்சி," என்றார்.

இதற்கிடையில் வசந்தன் சட்டவிதியைப் புரட்டி, நடைபெறாத பொதுக்கூட்டத்தை உடனே நடத்தியாக வேண்டும் என்று கண்டுபிடித்தார். வரும் ஞாயிறு காலை, மண்டபத்தில்.

"அன்னைக்குத்தான்யா என் மகளுக்குத் தாலி!" குணசுந்தரிக்குக் குரல் உடைந்தது. எனக்கு அங்கே யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. நான் உறுப்பினன்.

ரிஸாலின் பொறுமை தீர்ந்தது. "அப்பக் கல்யாணத்தையும் கூட்டத்து அஜண்டாவுல போட்டுருங்க லா! 'இதர விவகாரங்கள்'னு கடைசியில ஒண்ணு இருக்குமே, அதுல!"

அவர் ஒருவர்தான் சிரித்தார். வசந்தன் எழுதிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை மேடையில் இடப்பக்கம் மணவறை, வலப்பக்கம் ஒலிவாங்கி. மாப்பிள்ளை வீட்டார் உறுப்பினர் அல்லாததால் பார்வையாளர் பகுதியில் அமர்த்தப்பட்டார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் சிறப்பு அனுமதி. நிகழ்ச்சி நிரல் ஏழு: இதர விவகாரங்கள் (ஷாமளா திருமணம்). முகூர்த்தம் முந்திக்கொண்டதால் ஏழாம் அம்சத்தை ஆறாவதற்கு முன் கொண்டுவர ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். ஆறு என்பது தலைவர் தேர்தல்.

அதற்கும் காளிதாசன் விடவில்லை. ஐந்தாம் அம்சமான நன்றியுரையில், தாம் போட்ட நாலாம் பதிப்பின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டே இருந்தார். "முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது," என்று ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். குணசுந்தரி அழத் தொடங்கினார்.

அப்போதுதான் தர்மலிங்கம் எழுந்தார். வசந்தனின் காதில் ஏதோ சொன்னார். காளிதாசனிடமிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி, "எல்லாரும் எழுந்து நில்லுங்க! அட்சதையைக் கையில எடுங்க! கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று முழங்கினார்.

மேளம் கொட்டியது. நாதஸ்வரம் அலறியது. மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. மாப்பிள்ளை தாலி கட்டினார். வசந்தனின் உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வாழ்த்துகிறார் என்று நினைத்தோம்.

பந்தி பாயசம் வரைக்கும் போனபோது வசந்தன் கூட்டக்குறிப்பை எழுந்து நின்று வாசித்தார். "நிகழ்ச்சி நிரல் ஆறும் ஏழும் நேரமின்மையால் ஒருசேர எடுத்துக்கொள்ளப்பட்டன. திரு. தர்மலிங்கம் அடுத்த மூன்றாண்டுகளுக்குத் தலைவராக இருப்பதை உறுப்பினர்கள் அனைவரும் கை உயர்த்தி ஏகமனதாக ஆதரித்தனர். முன்னாள் தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்."

"செல்லாது!" காளிதாசன் எச்சில் கையோடு குதித்தார். "அது அட்சதை போட்ட கை!"

"கையில என்ன இருந்துச்சுன்னு சட்டவிதி கேக்கலண்ணே. கை உயர்ந்துச்சா, இல்லையா?"

காளிதாசன் ரிஸாலிடம் திரும்பினார். "தம்பி, இதைப் பின்னால கொண்டுபோக முடியுமா?"

"போலே, முடியும்," என்றார் ரிஸால். "கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துத்தான் வெச்சிருக்கேன், உங்களையெல்லாம் தெரிஞ்சதால. அதைப் போட்டா தேர்தல் நடக்கல. ஆனா ரெண்டும் ஒரே பதிவு. கல்யாணமும் நடக்கல."

எல்லாரும் ஷாமளாவைப் பார்த்தோம். மாப்பிள்ளையின் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். குணசுந்தரி சாம்பார்க் கரண்டியோடு வந்து நடுவில் நின்றார்.

"பின்னால போறவன் யாரு? முன்னால வா பாப்போம்."

யாரும் போகவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

இப்போது தர்மலிங்கத்தின் முகம் முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு இருக்கிறது. மண்டபம் பதிய எங்கே தட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் அவர் மூக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். காளிதாசனைத் திட்டுகிறோம், வசந்தனைத் திட்டுகிறோம், மென்பொருளைத் திட்டுகிறோம். கை தூக்கியது நாங்கள்தான் என்பதை மட்டும் பேசுவதில்லை. ஷாமளாவாவது கழுத்தை நீட்டுவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.