சுவரைக் கழுவியது நான்தான்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். வீடும் நலம் என்று எழுத அதற்கு இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். அங்கே நீங்கள், என் மகள், பேத்தி மூவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். பன்னிரண்டாவது மாடிக்கு எந்தத் தண்ணீரும் ஏறி வராது; சில நாள் குழாய்த் தண்ணீர்கூட வருவதில்லை என்று மகள் சொன்னாள்.

நேற்று நீங்கள் அனுப்பிய செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை மூன்று. அது போகட்டும். புது மழைநீர் வடிகாலுக்கான முதல் பட்டியலில் எங்கள் தெரு வராவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்ததை நினைவூட்டியிருந்தீர்கள். கொடுத்தேன். கான்வென்ட்டில் படித்தவள் கொடுத்த வாக்கை மறப்பதில்லை. உங்கள் மாமாவோடு இருபத்தொன்பது வருடமும் அவர் போன பிறகு தனியாக ஒன்பது வருடமும் நான் இருந்த வீட்டைப் பணயம் வைத்துச் சொன்ன சொல் அது. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குறுக்கே யாரும் பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் உள்ள வசதி.

பெருமழை பெய்த அன்று காலை ஒன்பது மணி தாண்டியதும் தண்ணீர் வந்தது. அழைப்பு மணி அடிக்காமல், செருப்பைக் கழற்றாமல், நேராகக் கூடத்துக்குள். பக்கத்து வீட்டு டைம்கீப்பரும் அவர் மனைவியும் ஓடிவந்து என் அரிசி டின்னையும் புத்தகங்களையும் பரண்மேல் ஏற்றினார்கள். அவரை உங்களுக்குத் தெரியும். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வண்டிகள் வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதி ஓய்வு பெற்றவர். மழையும் அவருக்கு ஒரு பஸ்தான். முன்னே பின்னே வரும், எப்போதும் வருவதுதான், இதில் மாறிப்போக என்ன இருக்கிறது என்பார். அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். நான் ஃபிரிட்ஜின் தலையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன், அதுதான் நான் செய்த தப்பு, ஏனென்றால் நீங்கள் பருவநிலை மாற்றம் என்று ஆரம்பித்தீர்கள், அவர் அதெல்லாம் சும்மா என்றார், நீங்கள் வரைபடம் அனுப்புகிறேன் என்றீர்கள், அவர் நான் பார்க்காத மழையா என்றார், இருபது நிமிடம் இரண்டு பேரும் விடவில்லை. கடல் சூடாகிக்கொண்டே போகிறது என்று நீங்கள் சொன்னபோது என் கால் இரண்டும் முழங்கால்வரை சில்லிட்டுப் போயிருந்தது. யாராவது ஒருவர் வாளியைப் பிடித்திருந்தால் நான் அவர் கட்சியில் சேர்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. தெருவில் பதினாலு வீட்டுச் சுவரிலும், உள்ளேயும் வெளியேயும், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே காப்பிக் கறைபோல ஒரு கோடு. மறுநாள் விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வடிகால் வாரியத்திலிருந்து வியாழக்கிழமை இன்ஜினியர் பார்வையிட வருகிறார் என்று. பார்வையிட வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால், சிஸ்டர் எங்களை பெஞ்சுக்கு அடிப்பக்கம்கூடத் தேய்க்க வைப்பார். ஆகவே நான் ப்ளீச்சிங் பவுடரும் பிரஷும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கேட்டேன். தையல்காரர் முனகினார், பல் டாக்டர் பேஷண்ட் இருக்கிறார் என்றார். யாரையும் விடவில்லை. புதன்கிழமை மாலைக்குள் பதின்மூன்று வீடு பளிச்சென்று ஆகிவிட்டது.

டைம்கீப்பர் மட்டும் உள்ளே கழுவமாட்டேன் என்றார்; அவர் வெளிச்சுவரை நானே தேய்த்துவிட்டேன். "அடுத்த வருஷமும் வரத்தானே போகுது, அப்போ சேர்த்துக் கழுவிக்கலாம்" என்றார். அவர் வீட்டுக்குள் சுண்ணாம்பு அடித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெருவுக்கே அவமானம் அவர் வீடுதான் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். என் மகளைவிடச் சின்னப் பெண், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் டேப். என் சுவரைப் பார்த்தார், தையல்காரர் சுவரைப் பார்த்தார், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"தண்ணி எங்கம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

எல்லாரும் சேர்ந்து சொன்னோம். போனில் எடுத்த படங்களைக் காட்டினோம். படத்தில் டேப் வைத்து அளக்க முடியாதே என்றார். கண்ணால் பார்த்து அளந்த அடையாளத்தை மட்டும்தான் எழுத வேண்டும், தெருவுக்கு ஒரு சுவராவது வேண்டும், இல்லையென்றால் வெள்ளம் வராத தெரு என்றுதான் போகும், அடுத்த பட்டியல் மூன்று வருடம் கழித்து என்று வருத்தத்தோடு சொன்னார். "இப்படி ஒரு கோடுகூட இல்லாம யாரு கழுவச் சொன்னா?" என்றார். மற்ற பன்னிரண்டு வீடும் என்னைப் பார்த்தது.

மாப்பிள்ளை, அந்த நிமிடம் என் வீட்டுச் சாவி உங்கள் கைக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். என் சுத்தமே என்னைத் தெருவில் நிறுத்திவிட்டது. என் ஒருத்தியை மட்டுமா, தெரு மொத்தத்தையும்தான். பாக்கி ஒரே ஒரு சுவர். அதற்கு முன்னால் சாத்திய கதவு. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். கேட்க வேண்டிய அவசியம் வராதபடி நடந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். போய்த் தட்டினேன்.

"உங்க சுவரை அந்தப் பொண்ணுகிட்ட காட்டணும்" என்றேன்.

"எது, தெருவுக்கே அவமானமா இருக்கிற சுவரா?"

"அதேதான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேல. மன்னிச்சுக்குங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "கதவைத் தொறந்து விடுங்க, அவங்க இன்னொரு தடவ கேக்க மாட்டாங்க" என்றார். திறந்தார்.

மாடிப்படிச் சுவரில் ஒரு கோடு இல்லை, ஐந்து கோடு. பதினெட்டு வருடத்தில் வந்த ஒவ்வொரு வெள்ளத்தையும் அதன் உயரத்திலேயே ஆணியால் கீறி, பக்கத்தில் தேதி, வந்த நேரம், போன நேரம் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். மழையும் பஸ் மாதிரி, முன்பும் வந்ததுதான் என்று எங்களுக்கு நிரூபிப்பதற்காகவாம்; அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னார். இன்ஜினியர் குனிந்து கீழேயிருந்து மேலே அளந்தார். முதலாவது கணுக்கால். கடைசி முழங்காலுக்கு மேலே. ஒவ்வொன்றும் முன்னதைவிட உயரம். முதல் இரண்டுக்கும் நடுவே எட்டு வருடம். கடைசி இரண்டுக்கும் நடுவே ஒன்றரை.

"சார், உங்க பஸ் அடிக்கடி வர ஆரம்பிச்சிடுச்சு. கூட்டமும் ஏறிக்கிட்டே போகுது" என்றார் அந்தப் பெண்.

டைம்கீப்பர் படியில் உட்கார்ந்து, தன் கையெழுத்தையே யாரோ எழுதினதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஒவ்வொண்ணாதான் எழுதினேன். சேர்த்துப் படிச்சுப் பாக்கல" என்றார். அவர் தோற்றதாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரியத்திடம் பதினெட்டு வருடக் கணக்கு எந்தத் தெருவுக்கும் இல்லையாம். எங்கள் தெரு முதல் பட்டியலில், அதுவும் முதல் பெயராக ஏறிவிட்டது. அது மட்டுமில்லை, தெருமுனையில் அளவுக் கம்பம் நட்டு, அதைப் பார்த்துக் குறித்து அனுப்பும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் அன்று மாலையே சவரம் செய்துகொண்டார். வடிகால் வந்தால் மழை நின்றுவிடுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "மழை நிக்காதும்மா, தண்ணிக்குப் போக வழி கிடைக்கும், மத்ததை எல்லாரும் சேர்ந்துதான் பாக்கணும்" என்றார். நேர்மையான பதில். எனக்குப் பிடித்தது.

நீங்கள் சொன்னது சரிதான், மாப்பிள்ளை. பருவம் மாறித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருபது நிமிடம் சொன்னதை அந்தச் சுவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

ஆகவே வாக்கு நிறைவேறிவிட்டது. நான் வீட்டைப் பூட்டப் போவதில்லை, எங்கேயும் வரப் போவதில்லை, இனி இந்தப் பேச்சு வேண்டாம். மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும்தான், பிழையில்லாமல் எழுதப் பழகி, எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்ஜினியர் மறுபடி வந்தார். முதல் பெயர் என்பதால் திங்கட்கிழமையே தோண்டுகிறார்களாம். எல்லா வீட்டு வாசற்படியும் உடையும், வயதானவர்கள் நான்கு மாதம் வேறிடத்தில் இருப்பது நல்லது என்றார். ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். டைம்கீப்பருக்கும் அவர் மனைவிக்கும் போக இடமில்லை. உங்கள் சார்பில் நானே அழைத்துவிட்டேன், மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. கம்பத்தைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார். நான்கு மாதம்தான். அதற்கு மேல் ஒரு நாள் இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டேன், சொல்லாவிட்டால் வருத்தப்படுவேன்.